ஏழு கொகேஷிகளும் ஒரு அட்டைப்பெட்டியும்

முதல் நாள், புதன்: நருகோ

மூன்று வருடங்களுக்கு முன் ஜப்பானில் வாங்கிய கொகேஷி பொம்மை, வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது இரண்டு துண்டாகக் கிடந்தது. சட்டைகளுக்கு நடுவே நன்றாகச் சுருட்டித்தான் வைத்திருந்தேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. தலையை ஒட்டி, அலமாரியின் முன்வரிசையிலேயே நிறுத்திவிட்டாள். இந்தத் தடவை நான் கிளம்பும்போது மட்டும் சொன்னாள்: "எத்தனை வேணும்னாலும் வாங்கு. ஆனா எல்லாம் முழுசா வரணும்."

எனவே இந்தப் பயணத்தில் பத்திரமாக அனுப்ப வழி தெரியாத எதையும் வாங்கப்போவதில்லை. தினமும் எழுதப்போகிற குறிப்புகளும் பெரும்பாலும் அதைப் பற்றித்தான் இருக்கும்.

டோக்கியோவிலிருந்து தொஹொகு ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஃபுருகாவா வந்து, அங்கிருந்து ரிகுஉ கிழக்குப் பாதையில் சின்ன ரயில். வயல்கள் முடிந்து மலை தொடங்குமிடத்தில் நருகோ-ஒன்சென் நிலையம். இறங்கியதுமே கந்தக வாடை. அக்டோபர் மாதம் என்பதால் இலைகள் நிறம் மாற ஆரம்பித்திருக்கின்றன. வந்தவர்கள் எல்லோரும் பள்ளத்தாக்கைப் பார்க்கப் போனார்கள். நான் கடைத்தெருவுக்குப் போனேன்.

கொகேஷி என்பது கையும் காலும் இல்லாத மரப்பொம்மை. உருளையான உடல், உருண்டைத் தலை, நாலைந்து தூரிகைக் கோட்டில் ஒரு முகம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடகிழக்கு ஜப்பானின் வெந்நீரூற்று ஊர்களில் பிறந்தது. அறுவடை முடிந்த விவசாயிகள் உடம்பு வலி தீர இந்த ஊர்களுக்கு வந்து, நாள்கணக்கில் தங்கிக் குளிப்பார்கள். கிண்ணமும் தட்டும் கடைந்துகொண்டிருந்த மரக்கடைசல்காரர்கள், அவர்கள் பிள்ளைகளுக்கு வாங்கிப் போவதற்காக இந்தப் பொம்மையைக் கடைந்தார்கள். அதாவது, ஊருக்கு எடுத்துப் போவதற்கென்றே பிறந்த பொருள் இது. மலைப்பாதையில் மூட்டைக்குள் குலுங்கிப் போன பொம்மை என் பெட்டிக்குள் உடைந்ததென்றால், குறை பொம்மையில் இல்லை.

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சாயல் உண்டு. நருகோ, தோகத்தா, யாஜிரோ, த்சுச்சியு, த்சுகாரு, நன்பு, கிஜியாமா என்று பத்துப் பன்னிரண்டு மரபுகளைச் சொல்வார்கள். நருகோ பொம்மையின் தலையைத் திருப்பினால் கீச்சென்று சத்தம் வரும். இன்று நான்கு கடைகளில் திருப்பிப் பார்த்தேன், வாங்கவில்லை. நாளைக்குப் பட்டறை.

இரண்டாம் நாள், வியாழன்: நருகோ

மேட்டில் இருக்கும் ஜப்பான் கொகேஷி அருங்காட்சியகத்துக்குக் காலையிலேயே ஏறிவிட்டேன். மரபு மரபாக அடுக்கிவைத்திருக்கிறார்கள். அரை மணி நேரம் நின்று பார்த்தால் கண் பழகிவிடுகிறது. பெயர்ப்பலகையைப் படிக்காமலே இது த்சுகாரு, இது கிஜியாமா என்று சொல்ல வருகிறது. வாங்கப்போகிறவர்கள் முதலில் இங்கே வந்துவிட்டு, பிறகு கடைக்குப் போவது நல்லது.

மதியம் பட்டறை. அப்பாவிடம் தொழில் கற்ற ஒரு பெரியவர். கடைசல் இயந்திரத்தை ரொகுரோ என்கிறார்கள். முன்பு கயிற்றை ஒருவர் இழுக்க, இன்னொருவர் கடைவார்களாம். இப்போது மோட்டார். நீளக் கைப்பிடி வைத்த உளிகளை அவரே காய்ச்சி அடித்துக்கொள்கிறார். மிஸுகி என்ற மரம்தான் இங்கே அதிகம். வெளுப்பாக, ரேகை தெரியாமல் வழவழவென்று இருக்கும். இலையுதிர்காலத்துக்குப் பிறகு வெட்டி, பட்டையை உரித்து, மாதக்கணக்கில் காற்றில் காயவைக்கிறார்கள். "மரம் எப்போ வெட்டினது?" என்று நான் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. சரியாகக் காயாத மரம் வேறு தட்பவெப்பத்துக்குப் போனால் வெடிக்கும். வெளிநாட்டுக்கு அனுப்புகிறவன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான் என்றார்.

உடலைச் சுழலவிட்டு, தலையின் காம்பை அதன் குழியில் வைத்து அழுத்தினார். உராய்வில் சூடேறி, ஒரு கணத்தில் தலை உள்ளே பொருந்திக்கொண்டது. பசை கிடையாது. அந்தப் பொருத்தத்தில்தான் கீச்சொலி இருக்கிறது. பிறகு சாயம். சிவப்பு, பச்சை, கறுப்பு. உடல் நிறையச் செவ்வந்திப் பூ. கடைசியாக மறுபடியும் சுழலவிட்டு மெழுகு தேய்த்தார். மெழுகு ஏறியதும் நிறங்கள் விழித்துக்கொள்வது போல இருந்தது.

அந்தச் சாயம் தண்ணீரில் கரையக்கூடியது, அதன்மேல் இருப்பது மெல்லிய மெழுகுப் பூச்சு மட்டும்தான். நான் அதுவரை அறியாத விஷயம் இது. ஈரம் பட்டால் பூ கசியும். வெயிலில் வைத்தால் வெளுக்கும். நான் பார்சல் என்றாலே உடைவதைப் பற்றித்தான் யோசித்திருந்தேன். ஈரத்தைப் பற்றி நினைக்கவே இல்லை.

ஆறு சுன் உயரத்தில் இரண்டு, எட்டு சுன்னில் ஒன்று எடுத்தேன். ஒரு சுன் என்பது சுமார் 3 சென்டிமீட்டர். சின்னவை தலா 5,000 யென், பெரியது 9,000. ஒவ்வொன்றின் அடியிலும் அவர் பெயரைத் தூரிகையால் எழுதிக் கொடுத்தார்.

கட்டித்தருவதையும் அவரே செய்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டேன். முதலில் அச்சடிக்காத மெல்லிய வெள்ளைத்தாள். செய்தித்தாள் கூடவே கூடாது, மை ஒட்டிவிடும். அடுத்து, ஒரு தாளை நீளவாக்கில் மடித்துப் பட்டையாக்கி, கழுத்தைச் சுற்றிச் சுற்றி, தலையும் கழுத்தும் தோளும் ஒரே பருமனாகும் வரை நிரப்பினார். "தலை ஒரு பக்கம் போகணும்னா அதுக்கு இடம் வேணும். இடத்தை நீங்க எடுத்துக்கணும்" என்றார். அதற்கு மேல்தான் குமிழி உறை, அதுவும் குமிழிகள் வெளிப்பக்கம் பார்க்க. மெழுகின் மேல் குமிழி நேராகப் பட்டு அழுந்தினால் வட்டவட்டமாகத் தடம் விழும்.

போன தடவை என் சட்டைகள் கழுத்தைச் சுற்றி நிரம்பவில்லை. தலையை ஒரு பக்கமும் உடலை இன்னொரு பக்கமும் அழுத்தியிருக்கின்றன. பட்டறையில் உட்கார்ந்தபோது அது கண்ணெதிரே நடந்தது போல விளங்கியது.

மாலையில் மூன்றையும் ஒரு பெட்டியில் போட்டு, யமாத்தோ நிறுவனத்தின் தக்யூபின் சேவையில் டோக்கியோ ஹோட்டலுக்கே அனுப்பிவிட்டேன். 1976-இல் தொடங்கிய இந்த வீட்டுக்கு வீடு பார்சல் சேவை பயணிகளுக்குப் பெரிய வரம். முன்பதிவுப் பெயரையும் தங்கும் தேதியையும் சீட்டில் எழுதினால் போதும், ஹோட்டல் வரவேற்பில் வாங்கி வைத்துவிடுவார்கள். பேருந்துக்குப் பேருந்து தூக்கிக்கொண்டு அலைந்தால், நாட்டை விட்டுக் கிளம்பும் முன்பே பாதிச் சேதம் நடந்து முடிந்திருக்கும்.

மூன்றாம் நாள், வெள்ளி: செண்டாய், ஷிரோஇஷி, தோகத்தா

செண்டாயில் ரயில் மாறும் இடைவெளியில் ஒரு பெரிய கடையில் கொகேஷி பற்றிய இரண்டு கனத்த புத்தகங்கள் கிடைத்தன. கடைக்காரப் பெண் பாஸ்போர்ட்டைக் கேட்டார். வரி இல்லாமல் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அவருக்கு ஆச்சரியம்.

காரணம் இருக்கிறது. ஜப்பானில் நுகர்வு வரி 10 சதவீதம். ஒரு கடையில் ஒரே நாளில் 5,000 யென்னுக்கோ அதற்கு மேலோ வாங்கும் வெளிநாட்டுப் பயணிக்கு அந்த வரி இல்லை. ஆனால் அப்படி வாங்கியதை நாமே கையோடு நாட்டுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். முன்பெல்லாம் தபாலில் அனுப்பிவிட்டு, அனுப்பிய ரசீதை விமான நிலையச் சுங்கத்தில் காட்டினால் ஒத்துக்கொள்வார்கள். 2025 மார்ச் 31-உடன் அந்த வழியை மூடிவிட்டார்கள். இப்போது வரியில்லாமல் வாங்கியதைத் தபாலில் போட்டுவிட்டு, கேட்கும்போது பொருள் கையில் இல்லையென்றால், வரியைக் கட்ட வேண்டியதுதான். கடையே நேராக வெளிநாட்டுக்கு அனுப்பிக் கொடுத்தால் அது வேறு கணக்கு. 2026 நவம்பர் 1 முதல் முழு விலையையும் கொடுத்துவிட்டு, புறப்படும்போது வரியைத் திரும்பப் பெறும் முறை வருகிறது. அதனால் தபாலில் போகப்போகிற பொருளுக்கு வரியைக் கட்டிவிடுவது என்று முன்னாலேயே முடிவு செய்திருந்தேன்.

ஷிரோஇஷியில் யாஜிரோ கொகேஷி கிராமம். யாஜிரோ பொம்மையின் உச்சந்தலையில் வண்ண வளையங்கள், தொப்பி போட்டது போல. ஒரு காலத்தில் இங்கே ஆண்கள் கடைய, பெண்கள் அவற்றை எடுத்துக்கொண்டு காமசாகி வெந்நீரூற்றுக்கு நடந்துபோய் விற்றிருக்கிறார்கள். ஒன்று வாங்கினேன், 4,000 யென்.

அங்கிருந்து பேருந்தில் தோகத்தா. உடைந்த பொம்மையின் ஊர். பெரிய தலை, உச்சியிலிருந்து எல்லாப் பக்கமும் கதிர்போல விரியும் சிவப்புக் கோடுகள், சாய்ந்த நீளக் கண்கள். இந்த முகம் எனக்கு எப்போதும் கொஞ்சம் தூக்கக் கலக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றும். பழையதுக்குத் தங்கையாக 6,500 யென்னுக்கு ஒன்று. அக்காவுக்குப் படம் அனுப்பினேன். "கழுத்து?" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது.

நான்காம் நாள், சனி: த்சுச்சியு

ஃபுகுஷிமாவிலிருந்து பேருந்து. நாள் முழுக்க மழை. சின்னத் தலை, உச்சியில் கறுப்பு வட்டம், உடல் முழுக்கச் சுழலும் வண்ண வரிகள். இந்த வரிகளை, பொம்மை கடைசலில் சுழலும்போதே தூரிகையைத் தொட்டுப் போடுகிறார்கள். 5,500 யென். அடித்துப் பெய்யும் மழையில் இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, சட்டைக்கு உள்ளே அணைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு வந்தேன். வண்டியில் ஏறியதும் பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டேன். ஈரம் வெளியே இருப்பதைவிட உள்ளே அடைபட்டு இருப்பது மோசம். இரவு டோக்கியோ. நருகோ பெட்டி வரவேற்பறையில் எனக்காகக் காத்திருந்தது.

ஐந்தாம் நாள், ஞாயிறு: டோக்கியோ

மாதத்தின் முதல், மூன்றாம் ஞாயிறுகளில் டோக்கியோ சர்வதேச அரங்கத்தின் முற்றத்தில் ஒரு பழம்பொருள் சந்தை கூடும். ஓஎடோ சந்தை என்று பெயர். இன்று நல்ல கூட்டம்.

ஒரு மேசையில் தேன் நிறத்தில் ஒரு கொண்டைச் சீப்பு. வெயிலுக்கு எதிராகப் பிடித்தால் உள்ளே புகைமூட்டம் போலக் கறுப்புத் திட்டுகள். அவ்வளவு அழகு. கீழே வைத்துவிட்டேன். அது அழுங்காமையின் ஓடு. அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கும் ஆமை அது. பக்கத்திலேயே தந்தத்தில் செதுக்கிய நெத்சுகே, கிமோனோவின் இடுப்புப் பட்டையில் பையைத் தொங்கவிடப் பயன்பட்ட சின்னச் சிற்பம். யானைத் தந்தத்தின் சர்வதேச வணிகத்துக்கு 1989-இல் தடை முடிவாகி, மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ஜப்பானுக்குள் விற்பதும் வாங்குவதும் வேறு, எல்லை தாண்டுவது வேறு. சந்தையில் வெளிப்படையாக விற்கிறார்களே என்று நம்பி வாங்குகிறவர்கள் சுங்கத்தில் பொருளை இழக்கிறார்கள். சீப்புக்காக வருத்தப்பட்டேன் என்பது உண்மை. ஆமைக்காகவும் வருத்தப்பட வேண்டியிருக்கிறது.

பழைய வாள்களும் மேசையில் இருந்தன. அவற்றைக் கொண்டுபோக ஜப்பானியக் கலாசார முகமையின் சான்று வேண்டும். என் தேடல் பழைய கொகேஷி ஒன்று. நான்கைந்து கிடைத்தன. ஒன்றின் அடியில் ஊசித்துளை போல மூன்று ஓட்டைகள். உள்ளங்கையில் தட்டினால் மாவு உதிர்ந்தது. உள்ளே பூச்சி உயிரோடு இருக்கலாம். ஒரே பெட்டியில் மற்ற ஆறையும் அது தின்றுவிடும். எந்த நாட்டுச் சுங்கத்திலும் பிரச்சினை. வேறொன்றை எடுத்தேன். முன்பக்கம் செம்மை மங்கி, முதுகில் மட்டும் பூவின் நிறம் பளிச்சென்று இருக்கும் நருகோ. எத்தனையோ வருடம் யாருடைய ஜன்னல் பக்கமோ நின்றிருக்கிறது. 3,000 யென். கடைக்காரரிடம் கையெழுத்துப் போட்ட ரசீது கேட்டு வாங்கினேன். தெருச்சந்தையில் கேட்காவிட்டால் தரமாட்டார்கள், கேட்டால் தருகிறார்கள்.

மாலையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்ட ஆரம்பித்தேன். இரண்டு பெட்டிகள் வாங்கியிருந்தேன், ஒன்றுக்குள் ஒன்று போகும் அளவில். சூப்பர்மார்க்கெட்டில் காலிப்பெட்டிகள் சும்மா கிடைக்கும். ஆனால் ஒரு தடவை வேலை செய்து களைத்த அட்டை மூலைகளில் நசுங்கும். புத்தகத்துக்கு அது போதும், பொம்மைக்குப் போதாது.

ஏழு பேரையும் கட்டிலில் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தேன். முன், பின், அடியில் உள்ள கையெழுத்து என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று. பிறகு பெரியவர் காட்டிய முறை. வெள்ளைத்தாள், கழுத்துப்பட்டை, குமிழி உறை. கழுத்துப்பட்டை சரியாக வர எனக்கு முதல் பொம்மையில் நான்கு முயற்சி ஆனது. ஏழாவதில் ஒரே முயற்சி. உள்பெட்டியில் கனமானது அடியில், தலைகள் ஒன்று மேல் பக்கம், அடுத்தது கீழ்ப்பக்கம் என்று மாற்றி மாற்றி. நடுவே அட்டைத் தடுப்புகள். ஈரத்தை உறிஞ்ச இரண்டு சின்ன சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். பெயர், விலாசம், உள்ளடக்கம் எழுதிய ஒரு தாளையும் உள்ளே வைத்தேன், வெளிச்சீட்டு கிழிந்துபோனால் அதுதான் துணை. உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவே எல்லாப் பக்கமும் நான்கு விரல் இடைவெளி, கசக்கிய காகிதம் இறுக்கமாக. மூடிவிட்டு, காதோரம் வைத்துக் குலுக்கினேன். மெலிதாக ஒரு சரசரப்பு. திறந்து இன்னும் காகிதம் வைத்தேன். இரண்டாம் தடவை சத்தமே இல்லை.

இரவு பதினொன்றுக்குச் சுங்கப் படிவம். பொருள்கள் அடங்கிய வெளிநாட்டு பார்சலுக்குக் கையால் எழுதிய சீட்டை 2024 மார்ச் முதல் ஜப்பான் அஞ்சல் ஏற்பதில்லை. அவர்கள் இணையப் பக்கத்தில் விவரங்களை நிரப்ப வேண்டும். பார்சல் வானில் இருக்கும்போதே விவரம் போய்ச்சேரும் நாட்டின் சுங்கத்துக்கு மின்வழியில் போய்விடுகிறது.

'நினைவுப்பொருள்' என்று ஒரு சொல்லை எழுதி முடித்துவிட ஆசை வரும். அது எதையும் சொல்லாத சொல். 'கையால் செய்த மரப்பொம்மை, அலங்காரத்துக்கு' என்று எழுதினேன். பழையதைத் தனி வரியில், 'பயன்படுத்தியது' என்று. சுங்கத்துக்காகப் பொருள்களை வகைப்படுத்தும் எச்.எஸ். குறியீட்டிலும் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டியிருந்தது. 9503 விளையாட்டுப் பொம்மைகள், 4420 மரத்தாலான சிலைகளும் அலங்காரப் பொருள்களும். குழந்தை விளையாடப் பிறந்த பொருள்தான் இது, ஆனால் நான் அனுப்புவது அலமாரிக்கு. 4420 போட்டேன்.

அன்பளிப்பு என்ற கட்டத்தில் குறியிடச் சொல்லிப் பலர் அறிவுரை தருவார்கள். விலையைப் பாதியாக எழுதச் சொல்வார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. எனக்கு நானே அனுப்புவது அன்பளிப்பு ஆகாது. பார்சல் காணாமல் போனால் ஈடு கிடைப்பதும் எழுதிய விலைக்குத்தான். அதைவிட, அந்தப் பெரியவரின் ஒரு நாள் உழைப்பை 500 யென் என்று என் கையால் எழுத மனம் வரவில்லை. ஏழுக்கும் சேர்த்து 38,000 யென், உள்ளது உள்ளபடி.

ஆறாம் நாள், திங்கள்: டோக்கியோ மத்திய அஞ்சல் நிலையம்

டோக்கியோ ரயில் நிலையத்துக்கு எதிரே, 1930-களின் வெள்ளை முகப்பு கொண்ட கட்டடம். இப்போது அதன் பின்னால் உயர்ந்த கோபுரமும் கடைகளும். வாசலில் சிவப்பு அஞ்சல் குறி, ஆங்கில 'டி'-யின் தலைக்கு மேல் இன்னொரு கோடு போட்டது போல. 1887 முதல் இந்த நாட்டில் அந்தக் குறியைப் பார்த்துத்தான் தபால் பெட்டியைக் கண்டுபிடிக்கிறார்கள்.

பொம்மைகள் இ.எம்.எஸ். விரைவு அஞ்சலில், புத்தகங்கள் கப்பலில். ஏன் பிரித்தேன் என்றால், கப்பல் பார்சல் போய்ச்சேர ஒன்று முதல் மூன்று மாதம் ஆகலாம். பகல் சூட்டிலும் இரவுக் குளிரிலும் கொள்கலனுக்குள் ஈரம் கோத்துச் சொட்டும். பிளாஸ்டிக்கில் காற்றுப் புகாமல் சுற்றிய புத்தகம் அதைத் தாங்கும். சாயம் பூசிய மரத்தை அப்படிச் சுற்ற எனக்கு மனமில்லை. இ.எம்.எஸ்.-இல் 30 கிலோ வரை அனுப்பலாம், என் பெட்டி 3 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. 20,000 யென் வரை ஈட்டுத்தொகை கட்டணத்திலேயே அடங்கியது. அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கட்டினால் 20 லட்சம் யென் வரை உயர்த்திக்கொள்ளலாம். 38,000-க்கு உயர்த்தச் சொன்னேன்.

கவுண்ட்டரில் இருந்த இளைஞர் இரண்டு கேள்விகள் கேட்டார். பேட்டரி இருக்கிறதா? வாசனைத் திரவியம், ஸ்ப்ரே ஏதாவது? பெட்டியைக் காதோரம் குலுக்கிப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்கவில்லை. அவரே பெட்டியைத் தூக்கி, மெல்ல ஒரு தடவை அசைத்து, காது கொடுத்தார். தலையை ஆட்டிவிட்டு முத்திரையிட்டார்.

பதினான்காம் நாள்: வீடு

நான் திரும்பி நான்கு நாள் கழித்துப் பெட்டி வந்தது. ஒரு மூலை நன்றாகவே நசுங்கியிருந்தது. சுங்கத்தில் ஒரு பக்கம் பிரித்துப் பார்த்து, அவர்கள் டேப்பால் ஒட்டியிருந்தார்கள். பிரிக்கும் முன் அந்த மூலையையும் சீட்டையும் படம் எடுத்துக்கொண்டேன். ஈடு கேட்க நேர்ந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

அக்காதான் பிரித்தாள். உள்பெட்டியில் கீறல்கூட இல்லை. கழுத்துப்பட்டைகளை ஒவ்வொன்றாகச் சுற்றி எடுத்தாள், அவசரமே படாமல். ஏழும் முழுசு. நருகோ மூன்றையும் திருப்பிப் பார்த்தாள், மூன்றும் கீச்சிட்டன. சந்தையில் வாங்கிய பழையது திருப்பியும் சத்தம் போடவில்லை. நான் கொஞ்சம் கவலையோடு பார்த்தேன். "வயசாயிடுச்சு, விடு" என்று சொல்லி, மங்கிய முகம் சுவர்ப்பக்கமும் நிறம் மாறாத முதுகு எங்கள் பக்கமுமாக ஒரு தடவை வைத்துப் பார்த்தாள். பிறகு முகத்தையே முன்னால் திருப்பிவிட்டாள்.

தோகத்தாப் பொம்மை, ஒட்டுப்போட்ட பழையதின் பக்கத்தில் நிற்கிறது. வெயில் படாத தட்டுதான். கழுத்துப்பட்டைத் தாள்களை நான் தூக்கிப் போடப் போனேன், அவள் வாங்கி மடித்து மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டாள்.

புத்தகப் பார்சல் டோக்கியோவை விட்டுக் கிளம்பியது என்பதோடு சரி. அதற்குப் பிறகு இன்று வரை கண்காணிப்புப் பக்கத்தில் புதிய வரி எதுவும் இல்லை.